சொதிக்கு முன்னாலயா, பின்னாலயா

பாளையங்கோட்டை,
ஞாயித்துக்கிழமை மத்தியானம்

ஏட்டி வள்ளி,

ஆறு மாசமா ஒரு வரி எழுதல. திட்டணும்னா இப்பவே திட்டி முடிச்சிரு, பெறவு படி. இங்க எல்லாரும் சொகம். சின்னவன் பத்தாங்கிளாஸ். மூக்கு மதினி உன்னக் கேட்டாவ. அதே கேள்விதான், நானும் அதே பதிலத்தான் சொன்னேன். ஃபோன்ல பேசியிருப்பேன், இவுக பக்கத்துலயே உக்காந்திருக்காவ. அதான் காயிதம்.

போன மாசம் பரீட்சை ஹால்ல சூப்பர்விஷனுக்குப் போன நான் உக்காந்தபடியே தூங்கிட்டேன். முப்பது பிள்ளையளுக்கு முன்னால, கொறட்டையோட. முதல் பெஞ்சுப் பய "டீச்சர், பேப்பர்"னு மேசையத் தட்டித்தான் முழிச்சேன். ஹெச்.எம். திட்டல, "டாக்டரப் பாருங்க டீச்சர்"னாவ. திட்டியிருந்தா தேவலன்னு இருந்துச்சு. வீட்டுல வந்து சொன்னா, இவுக மெதுவா ஆரம்பிக்காவ: ராத்திரி எனக்கு மூச்சு நின்னு நின்னு வருதாம், அடுத்த மூச்சு வருதான்னு எண்ணிக்கிட்டு முழிச்சே கெடப்பாவளாம். ரெண்டு வருசமா! ஒரு வார்த்த சொல்லல பாரு.

அப்படித்தான் மதுரைக்குப் போயி, எட கொறைக்க வயித்துல ஆபரேசன் பண்ணுத ஒரு டாக்டரப் பாத்தது. 112 கிலோ, 158 சென்டிமீட்டர். பி.எம்.ஐ., அதான் உயரத்துக்கு எட எம்புட்டுங்க கணக்கு, 45கிட்ட வருது. இந்த ஆபரேசனுக்கு 1991ல அமெரிக்காவுல வச்ச அளவு 40, சுகர் மாதிரி சீக்கு இருந்தா 35. 2022ல அதத் திருத்தி, நம்ம ஆசியாக்காரங்களுக்கு 27.5 தாண்டுனாலே ஆபரேசனப் பத்திப் பேசலாம்னுட்டாவ. அந்தக் கணக்குக்கு நம்ம செட்டுல பாதிப்பேரு மேசையேறணும். நான் எந்தக் கணக்குலயும் தப்பல.

ஸ்லீவ்னு ஒண்ணு. இரைப்பையில அஞ்சுல நாலு பங்க வெட்டி எடுத்துருவாவ, மிச்சம் வாழைக்கா கணக்கா நீட்டமா நிக்கும். வெட்டுனது வெட்டுனதுதான், திரும்ப வைக்க முடியாது. இன்னொண்ணு பைபாஸ். மேல முட்ட அளவுக்கு ஒரு சின்னப் பை மட்டும் பிரிச்சு, சிறுகுடல இழுத்து அதுல சேத்துத் தச்சிருவாவ.

இங்கதான் மாட்டிக்கிட்டேன். எனக்கு நெஞ்சரிப்பு உண்டுல்லா, ஸ்லீவ் பண்ணுனா அது கூடலாமாம். சரி, பைபாஸ்னா, மூட்டுவலிக்கு நான் தினம் முழுங்குத மாத்திரையத் தொடவே கூடாதாம். தச்ச இடத்துல புண்ணு வந்துருமாம். நெஞ்சப் பாக்கவா, முட்டியப் பாக்கவா? எட கொறஞ்சா முட்டிவலி தானா கொறஞ்சிரும்னு இவுக சொல்லுதாவ. பள்ளிக்கூட மாடிப்படி ஏறுதது இவுக முட்டியா?

ஆபத்து என்னன்னு கேட்டேன். டாக்டர் மறைக்கல. தையல் கசியுதது நூத்துல ஒருத்தருக்கு வாக்குல. கால்ல ரத்தம் கட்டி நொரையீரலுக்கு ஏறலாம், அதான் அன்னைக்கே எந்திச்சு நடக்க விடுவாவளாம். உசுருக்கு ஆபத்து ஆயிரத்துல ஒண்ணோ ரெண்டோ. பித்தப்பையில கல்லு வரலாம். மூணு மாசத்துல முடி கொட்டும், பெறவு வளந்துருமாம் (என் சடையப் பத்தி வாயத் தொறந்த, பாத்துக்க). பி12, இரும்பு, கால்சியம் ஆயுசுக்கும் முழுங்கணும், விட்டா ரத்தமும் நரம்பும் கெட்டுரும். இத்தனைக்கும் பெறவு, சில பேருக்கு நாலஞ்சு வருசத்துல எட திரும்ப ஏறுதாம். வாராவாரம் போடுத ஊசியையும் கேட்டேன், 2025ல நம்ம நாட்டுக்கு வந்துச்சே, மவுன்ஜாரோ. நல்லாக் கொறையும், ஆனா நிறுத்துனா பெரும்பாலும் எட திரும்பிரும்னாவ.

ஆயிரத்துல ஒண்ணுங்கது எனக்குப் பெரிய பயம் இல்லட்டி. அம்மா சுகருல 56 வயசுல போனாவ. தெருவே விதின்னு அழுதுச்சு. நான் ஆபரேசன் மேசையில போனேன்னு வையி, "வாயக் கட்டத் தெரியாம வயித்த வெட்டப் போயி செத்தா"ம்பாவ. பந்தல்லயே சொல்லுவாவ, எம்பிள்ள காதுல விழுத மாதிரி. சீக்குல செத்தா பாவம், ஆபரேசன்ல செத்தா கொழுப்பு. எத்தன வருசம் வாயக் கட்டுனேன்னு உனக்குத் தெரியும். கொள்ளு, வெந்தயம், பேலியோ, கொக்கிரகுளம் வரைக்கும் நடை. 14 கிலோ எறக்கி 19 ஏத்துனேன். அத யாருட்டப் போயிச் சொல்ல?

இன்னொரு கூத்து. ஆவணிக் கடைசியில அண்ணன் மக கல்யாணம். மறுவீட்டுல தேங்காப்பால் சொதி விருந்து. ஆபரேசன அதுக்கு முன்னால வச்சா, இல முன்ன உக்காந்து நாலு ஸ்பூனோட எந்திரிக்கணும், ஏன் எதுக்குன்னு அத்தன சொந்தத்துக்கும் பதில் சொல்லணும். பைபாஸ் பண்ணுனவங்க அல்வா ரெண்டு வாய் தின்னா வேர்த்து விறுவிறுத்து நெஞ்சு படபடன்னு அடிக்குமாம். பின்னால வச்சுக்கிடலாம்னா, ஈரல் சுருங்கணும்னு ரெண்டு வாரம் முந்தியே பத்தியம் ஆரம்பிச்சிருதாவ. அப்பவும் சொதி இல்ல. புரட்டாசிக்குத் தள்ளுனாத்தான் உண்டு. இவுக என்னடான்னா, அது வரைக்கும் நான்தானே எண்ணணுங்காவ.

புதன்கிழம வயித்துக்குள்ள கேமரா விட்டுப் பாக்காவ. நெஞ்சரிப்பு எம்புட்டுன்னு பாத்துட்டு எந்த ஆபரேசன்னு சொல்லுவாவளாம். கையெழுத்துப் போடுத பேப்பரு பீரோவுல சேலைக்கு அடியில கெடக்கு. நீ என்ன நெனைக்கன்னு எழுது. இவுக பிரிச்சுப் படிச்சாலும் வெளங்காத மாதிரி எழுது, கடைசி பெஞ்சு பாசையில.

உன்,
பூசணி