நாளை மாலை ஜப்பானின் ஹகோதாதே மலை: எப்படிப் போகிறோம்

எல்லோருக்கும் வணக்கம். டாக்ஸி வேண்டாம், ட்ராமிலேயே போய்விடலாம். ஹகோதாதே ஸ்டேஷன் வாசலில் சரியாக 4 மணிக்கு இருங்கள். 2, 5 எந்த எண் வந்தாலும் ஏறலாம்; நாம் இறங்கும் ஜூஜிகாய் நிறுத்தத்துக்கு அப்புறம்தான் இரண்டும் பிரிகின்றன. யுனோகாவா என்று போட்டிருந்தால் மட்டும் ஏறாதீர்கள், அது எதிர்த்திசை.

பின்கதவில் ஏறி, பக்கத்துப் பெட்டியிலிருந்து நம்பர் சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இறங்கும்போது முன்கதவில் சீட்டோடு காசைப் போட வேண்டும். சில்லறை கையில் இருக்கட்டும். சுயிகா கார்டு (பணம் ஏற்றிவைத்துத் தட்டும் பயண அட்டை) இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

மூன்றாவது நிறுத்தமே ஜூஜிகாய். அங்கிருந்து ரோப்வேக்குப் பத்து நிமிட நடை, முழுக்க ஏற்றம். முட்டி வலி உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லுங்கள், மெதுவாகப் போவோம். ஒரு பெட்டியில் 125 பேர், மூன்றே நிமிடத்தில் உச்சி.

மலை 334 மீட்டர்தான். ஆனால் இருபக்கமும் கடல், நடுவே இடுப்பு சிறுத்த மாதிரி ஊர். விளக்கு எரியத் தொடங்கும் அந்த அரைமணி நேரத்துக்காகத்தான் இவ்வளவு அவசரம். இருட்டிய பிறகு போனால் அடுத்தவர் தலையைத்தான் பார்க்கலாம்!

மேலே காற்று பலமாக அடிக்கும், ஜாக்கெட் கட்டாயம். காற்று மிஞ்சினால் ரோப்வேயை நிறுத்திவிடுவார்கள். 3 மணிக்கு விசாரித்துவிட்டு இங்கேயே போடுகிறேன். வருபவர்கள் இன்றிரவுக்குள் கை தூக்குங்கள்.