ஓசூர், கிருஷ்ணகிரி பகுதியில் பங்குச் சந்தை வகுப்பு எடுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

அமெரிக்கச் சந்தையின் மூன்று மடங்கு இன்வர்ஸ் ஈடிஎஃப் (குறியீடு ஒரு நாளில் நகர்வதற்கு எதிர்த்திசையில் மூன்று மடங்கு நகரும், பங்கு போல வாங்கி விற்கும் ஃபண்ட்) பற்றி வகுப்பில் பேச்சு வந்தால், முதலில் போர்டில் ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். குறியீடு இன்று 100-லிருந்து 102, நாளை மறுபடியும் 100. போட்ட பணம் அப்படியே இருக்கும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். ஆனால் இந்த ஃபண்டில் போட்ட 100, முதல் நாள் 6 சதவீதம் போய் 94 ஆகிறது. மறுநாள் குறியீடு 1.96 சதவீதம் இறங்க, 94-க்கு 5.88 சதவீதம் ஏறி 99.53-இல் நிற்கிறது. இதே ஆட்டம் 250 வர்த்தக நாள் நடந்தால் குறியீடு அதே 100. ஒரு லட்சம் மட்டும் சுமார் 55,500 ரூபாயாகியிருக்கும். கட்டணம் இதில் சேரவில்லை.

காரணம், 'மூன்று மடங்கு' என்பது ஒரு நாள் கணக்கு. சொத்து 100 இருக்கும்போது ஃபண்டின் ஷார்ட் பொசிஷன் (விலை இறங்கினால் லாபம் வரும்படி விற்று வைத்திருப்பது) 300. குறியீடு 2 சதவீதம் ஏறினதும் சொத்து 94, பொசிஷன் 306. இருக்க வேண்டியதோ 282. ஆகவே அன்று மாலையே 24-ஐ ஏறின விலையில் திரும்ப வாங்கியாக வேண்டும். மறுநாள் இறங்கினால், இறங்கின விலையில் மறுபடியும் விற்க வேண்டும். ஏற்றத்தில் வாங்கி இறக்கத்தில் விற்பதுதான் இதன் அன்றாட வேலை.

தொடர்ந்து சரிந்தால் லாபம் உண்டு, மறைக்க வேண்டாம். இரண்டு நாள் 5 சதவீதம் வீதம் விழுந்தால் 100 என்பது 132.25 ஆகும், அது மூன்று மடங்குக்கும் மேல். சிக்கல் என்னவென்றால், ஸ்கிரீன்ஷாட் போடுகிறவர்கள் அந்த இரண்டு நாளை மட்டும்தான் போடுவார்கள்.

பழைய விலைப் படமும் ஏமாற்றும். விலை அடிமட்டத்துக்கு வந்ததும் ரிவர்ஸ் ஸ்ப்ளிட் (பல யூனிட்டுகளை ஒன்றாகச் சேர்த்து, ஒன்றின் விலையை உயர்த்துவது) செய்வார்கள். படத்தில் பழைய விலை பல மடங்கு பெருக்கித் தெரியும். "அவ்வளவு விலைக்குப் போனதாச்சே, இப்போ சல்லிசு" என்று மாணவர் நினைத்தால் அது நம் குறை.

மடங்கே இல்லாவிட்டாலும் ஆபத்து உண்டு. 2018 பிப்ரவரி 5 அன்று விக்ஸ் (அமெரிக்கச் சந்தை எவ்வளவு ஆடும் என்ற எதிர்பார்ப்பைக் காட்டும் குறியீடு) ஒரே நாளில் 17-லிருந்து 37-க்குத் தாவியது. விக்ஸ் ஃப்யூச்சர்ஸுக்கு (விக்ஸ் மீதான முன்கூட்டிய ஒப்பந்தங்களுக்கு) நேர் எதிராக ஒரு மடங்கே ஓடிய எக்ஸ்ஐவி 90 சதவீதத்துக்கு மேல் கரைந்தது. வெளியிட்ட கிரெடிட் சூயிஸ் அதை மூடிவிட்டது. அது ஃபண்டுகூட இல்லை, வங்கியின் கடன் பத்திரம். தினமும் ரீசெட் ஆகும் (மடங்கு அன்றன்றே சரிசெய்யப்படும்) இன்வர்ஸ், பல மடங்கு ஈடிஎஃப்கள், ஒரு நாளுக்கு மேல் வைத்திருக்க நினைக்கும் சிறு முதலீட்டாளருக்குப் பொதுவாக ஏற்றவை அல்ல என்று அமெரிக்காவில் பங்குத் தரகு நிறுவனங்களைக் கண்காணிக்கும் ஃபின்ரா 2009-லேயே எழுதிவிட்டது.

ஆகவே எஸ்ஐபி-க்கு (மாதாமாதம் போடும் முதலீட்டுக்கு) காப்பு என்று இதைச் சொல்லாதீர்கள். அமெரிக்கச் சந்தை நம் நேரப்படி இரவு 7 அல்லது 8 மணிக்குத் திறந்து, நள்ளிரவு தாண்டி 1.30 அல்லது 2.30-க்கு மூடும். சிப்காட்டில் இரண்டாம் ஷிப்டில் நிற்பவர் எப்போது பார்த்து விற்பார்?

வரி பற்றியும் ஒரு வார்த்தை: வெளிநாட்டுப் பங்கு கையில் இருந்தால் ஐடிஆர்-1 என்ற எளிய வருமான வரிப் படிவம் போட முடியாது. ஐடிஆர்-2-இல் ஷெட்யூல் எஃப்ஏ (வெளிநாட்டுச் சொத்துப் பட்டியல்) நிரப்ப வேண்டும், நட்டத்தில் இருந்தாலும்.