கம்பர்லாந்து சமவெளியின் புல்லைக் காத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

மேற்கு சிட்னியில், எங்கள் ஓடையை ஒட்டிய மேட்டில் எஞ்சியிருக்கும் புல்வெளிக்காட்டைக் காக்கத் துணைநின்ற அன்பர்கள் அனைவருக்கும் எங்கள் பணிவான வணக்கம்.

டூங்காபி, பெண்டில் ஹில், வென்ட்வொர்த்வில் என நம்மவர்கள் நெருங்கி வாழும் புறநகர்கள், பெரும்பாலும் ஒரு காலத்தில் யூக்கலிப்டஸ் மரங்களும் புல்லும் நிறைந்திருந்த களிமண் நிலத்தின் மேல்தான் எழுந்துள்ளன. ஐரோப்பியர் குடியேறுவதற்கு முன் ஏறத்தாழ 1,25,000 ஹெக்டேர் பரப்பில் விரிந்திருந்த கம்பர்லாந்து சமவெளிக் காட்டில் இன்று பத்தில் ஒரு பங்குகூட எஞ்சவில்லை. எஞ்சியதும் சாலையோரங்களிலும் பூங்காக்களின் மூலைகளிலும் சிதறிக் கிடக்கிறது. அழிவின் விளிம்பில் உள்ள சூழலியற் சமூகம் என ஆஸ்திரேலிய அரசு 2009இல் அதைப் பட்டியலிட்டது. அதன் சிறு பகுதி ஒன்று எங்கள் தெருக்களுக்கு நடுவே இன்னும் உயிரோடு இருக்கிறது என்றால், அதற்குக் காரணமானவர்களுக்கு வெளிப்படையாக நன்றி சொல்லுவது எங்கள் கடமை.

முதல் நன்றி, அந்த மேட்டில் புல்வெட்டும் இயந்திரம் ஓட்டுவதை நிறுத்திய நகரசபைப் பூங்காப் பணியாளர்களுக்கு. மரங்களை யாரும் வெட்டவில்லையே, பிறகு காட்டுக்கு என்ன கேடு என்று பலர் எங்களிடம் கேட்டதுண்டு. சாம்பல்நிறப் பட்டை கொண்ட கிரே பாக்ஸ், ஃபாரஸ்ட் ரெட் கம் ஆகிய பெருமரங்கள் அங்கே நின்றுகொண்டுதான் இருந்தன. ஆனால் இக்காட்டின் தாவர இனங்களில் மிகப் பெரும்பாலானவை முழங்காலுக்குக் கீழே வாழ்பவை. கங்காரு புல்லும், நிழலில் படரும் மெல்லிய புற்களும், சிறு பூண்டுகளும், வெண்பூப் பூக்கும் முள் புதரான பர்சாரியாவும் சேர்ந்ததே காடு. ஓயாமல் வெட்டினால் இளங்கன்று ஒன்றும் தலையெடுக்காது. நிற்கும் மரங்கள் முதுமையில் சாயும்போது அவற்றின் இடத்தை நிரப்ப வழித்தோன்றல் இராது. கங்காரு புல்லின் விதையும் மண்ணுக்குள் நெடுங்காலம் உயிர்த்திருப்பதில்லை. ஒருமுறை அழிந்த இடத்தில் அது தானாகத் திரும்பி வருவது அரிது. ஆகவே, வெட்டாமல் விட்ட பணியாளர்கள் செய்ததை நாங்கள் பெரும் உதவியாகவே கருதுகிறோம்.

இங்கே ஒன்றைக் குறிப்பிட விரும்புகிறோம். ஃபாரஸ்ட் ரெட் கம் நமக்கு அந்நியமான மரம் அன்று. புதுக்கோட்டை வட்டாரத்தில் தைலமரக் காடு என்று சொல்லப்படும் தோட்டங்களில் பெருமளவில் நடப்பட்டது இந்த இனத்தின் வழிவந்த மரமே. நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது என்று அங்கே உழவர்கள் அதை எதிர்ப்பதை அறிந்தவர்கள், இங்கே அதைக் காக்க வரச் சொன்னபோது தயங்கினார்கள். அத்தயக்கம் நியாயமானது. தன் சொந்த மண்ணில், தன்னோடு வளர்ந்த புல்லுடனும் பறவைகளுடனும் அம்மரம் எப்படி வாழ்கிறது என்பதை நேரில் பார்த்தபின், குடும்பத்தோடு வந்து உழைத்த அவர்களுக்கு எங்கள் தனி நன்றி.

ஆப்பிரிக்க ஒலிவ மரங்களோடு போராடிய தன்னார்வலர்களை எப்படிப் பாராட்டுவது! 19ஆம் நூற்றாண்டில் குடியேறிகள் கொண்டுவந்த அம்மரம், பறவைகள் தின்று பரப்பும் கனிகளால் சமவெளியெங்கும் பெருகி, தன் அடர்ந்த நிழலால் கீழே இருக்கும் புல்லை மாய்த்துவிடுகிறது. நீங்கள் அவசரப்படவில்லை. மோஸ்மன் பகுதியில் 1960களில் ஜோன், ஐலீன் பிராட்லி சகோதரிகள் வகுத்த முறைப்படி, நல்ல நிலையில் உள்ள இடத்தில் தொடங்கி, களை மண்டிய பக்கம் நோக்கி மெல்ல நகர்ந்தீர்கள். மண்ணைக் கிளறாமல், வெட்டிய அடிக்கட்டையில் உடனே களைக்கொல்லி தடவி, காலியான இடத்தில் புல் தானாக முளைக்கும்வரை அடுத்த அடி வைக்காமல் காத்திருந்தீர்கள். ஒரே நாளில் முழு மேட்டையும் வெட்டித் தள்ளியிருந்தால் வெறும் மண்ணில் மறுபடி களையே மூடியிருக்கும். சனிக்கிழமைக் காலைகளை இப்படி மண்டியிட்டே கழித்த உங்கள் பொறுமைக்குத் தலைவணங்குகிறோம்.

நிலத்தின் உரிமையாளர்களான டாருக் பூர்வகுடி மூத்தோருக்கு நாங்கள் பட்டிருக்கும் கடன் பெரிது. பல ஆண்டுகள் எரியாமல் விடப்பட்ட கங்காரு புல், தன் காய்ந்த தாள்களே மூடி மூச்சடைத்து நலிந்துபோகும் என்பதையும், மெதுவாக ஊர்ந்து செல்லும் சிறு தீ அதை எப்படிப் புதுப்பிக்கும் என்பதையும் அவர்கள் எங்களுக்குக் காட்டினார்கள். காட்டுத்தீயின் அச்சத்தோடு வாழும் ஊரில் இதற்கு ஒப்புதல் பெறுவது எளிதன்று. உடன்நின்ற தீயணைப்புத் தொண்டர்களுக்கும், புகைக்கு முகம் சுளிக்காமல் அன்று சன்னல்களை மூடிக்கொண்ட அயலவர்களுக்கும் நன்றி.

விழுந்த கட்டைகளை விறகுக்கு எடுத்துச் செல்வதை விட்டுவிட்ட குடும்பங்களே, அக்கட்டைகளின் அடியிலும் மரத்தடிச் சருகுகளிலும்தான், உலகில் இச்சமவெளியில் மட்டுமே வாழும் கம்பர்லாந்து நில நத்தை பூஞ்சைகளை உண்டு வாழ்கிறது. அதன் வீட்டை விட்டுவைத்தீர்கள். தோட்டத்தில் வெட்டிய புல்லையும் மிஞ்சிய உரத்தையும் வேலிக்கு அப்பால் கொட்டாதிருந்தவர்களுக்கும் இதே நன்றி உரியது.

வரும் இளவேனிலில் பர்சாரியாப் புதர்களைச் சுற்றியுள்ள களையை அகற்ற உள்ளோம். கையுறையும் கருவிகளும் எங்களிடம் உள்ளன. முழுக்கைச் சட்டையும் மூடிய காலணியும் அணிந்து வந்தால் போதும். இதுவரை வந்தவர்களையும் இனி வரப்போகிறவர்களையும் அன்போடு எதிர்பார்க்கிறோம்.

நன்றியுடன்,
ஓடையோரக் காட்டுத் தன்னார்வலர்கள் சார்பில்