அந்த ஏரிக் கட்டுரைய எடுத்துடாதீங்க அக்கா

அன்புள்ள அக்கா,

போன ஞாயித்துக்கிழமை போன்ல நீங்க சொன்னது இன்னும் மனசுலயே நிக்குது. கறுப்பின அமெரிக்க எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின் கட்டுரைய படிச்ச கையோட இன்னொரு அமெரிக்க எழுத்தாளர் இ.பி. வொயிட்டோட ஏரிக் கட்டுரைய எடுத்தா, வசதியான மனுஷன் ஒருத்தர் லீவுக்குப் போய்ட்டு வந்த கதை மாதிரி இருக்கு, நாம படிக்கற லிஸ்ட்லேருந்து எடுத்துடலாம்னீங்க. அப்ப எனக்கு பதில் சொல்ல வரல. இந்த வாரம் ரெண்டையும் திரும்பப் படிச்சேன்.

பால்ட்வினோட 'நோட்ஸ் ஆஃப் எ நேட்டிவ் சன்' 1955ல வந்தது, நடந்ததெல்லாம் 1943ல. ஜூலை 29 அப்பா சாகறார், அதே நாள் கடைசித் தங்கச்சி பொறக்குது, ஆகஸ்ட் 2 இறுதிச் சடங்கு, அன்னிக்குத்தான் இவருக்கு 19வது பிறந்தநாள், அதுக்குள்ள ஹார்லெம்ல, அதான் நியூயார்க்ல கறுப்பர்கள் வாழற பகுதில, கலவரம் வெடிச்சு தெருவெல்லாம் கடைக் கண்ணாடி நொறுங்கிக் கெடக்க மறுநாள் காலைல அது நடுவுலதான் அப்பாவ இடுகாட்டுக்குக் கொண்டு போறாங்க. இது நிறவெறி பத்தின கட்டுரைன்னு நீங்க சொன்னது சரிதான். ஆனா நியூஜெர்சி ரெஸ்டாரண்ட்ல, கறுப்பர்களுக்கு இங்க சாப்பாடு கிடையாதுன்னு சொன்ன பொண்ணு மேல தண்ணிக் கோப்பைய தூக்கி எறியறாரே, அது குறி தப்பி பின்னாடி இருந்த கண்ணாடிய உடைக்குதே, அப்புறம் அவர உலுக்கறது எது? தன்ன அடிச்சே கொன்னிருப்பாங்கங்கறது ஒண்ணு, தானும் ஒரு கொலைக்குத் தயாரா நின்னோம்ங்கறது இன்னொண்ணு. அப்பாவக் கரைச்ச அதே கசப்பு தனக்கும் வந்துடுச்சுன்னு அவருக்குப் புரியுது. அந்த அப்பாவோட அவர் மனசு விட்டுப் பேசினது ஒரே ஒரு தடவதான், பிரசங்கத்த விட எழுதறதுதான் உனக்குப் பிடிக்கும் இல்லையான்னு அப்பா கேக்க, ஆமான்னு இவர் சொன்ன அந்த ஒரு தடவ. அந்த வரிக்கு மேல என்னால படிக்க முடியல, புக்க மூடி வெச்சுட்டேன்.

இப்ப வொயிட். 1904 வாக்குல அப்பா கூட்டிட்டுப் போன மெய்ன் மாநிலத்து ஏரிக்கு, 1941ல வந்த கட்டுரைல தன் பையனக் கூட்டிட்டுப் போறார். கிட்டத்தட்ட எல்லாம் அப்படியே இருக்கு, பையன் யாரு தான் யாருன்னே கொழம்பிப் போறார், தூண்டில் நுனில தும்பி வந்து ஒக்காருது. கடைசில மழைக்கு நடுவுல பையன் ஈர டிராயர மாட்டறப்ப அவர் ஒடம்புல சாவோட குளிர் ஏறுது. இதுவும் அப்பா கிட்டேருந்து புள்ளைக்கு என்ன வருதுங்கற கேள்விதானேக்கா?

ஒரு விஷயத்துல உங்க கோவம் எனக்குப் புரியுது. அத்தன வருஷம் கழிச்சுப் போனாலும் தன்ன வரவேற்க ஒரு ஏரி இருக்கும்னு வொயிட்டால நம்ப முடிஞ்சது, பால்ட்வினுக்கு அப்படி ஒரு எடம் கிடையாது. ஆனா இது எனக்கு உறைச்சதே ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் படிச்சதாலதான்.

வொயிட்ல அந்த ரோடு வர்ற பாரா ஞாபகம் இருக்கா? முன்னாடி மூணு தடம் இருந்த பாதைல இப்ப ரெண்டுதான், நடுவுல குதிரை நடந்த தடம் இல்ல. வர்ற ஞாயித்துக்கிழமை அத மட்டும் நீங்க சத்தமா வாசிங்க, அதுக்கப்புறமும் வேணாம்னா எடுத்துடலாம்.