மனசுக்குப் பட்டது

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் வந்தது. நீ வேலை பார்க்கும் சிறுவர் மையத்தில் பிள்ளைகளுக்குள் சண்டை என்றதும் போட்டிருந்த திட்டத்தை ஓரமாக வைத்துவிட்டு, அதைப் பேசித் தீர்க்கவே அன்றைய மாலையை விட்டுவிட்டாயாமே. நல்ல காரியம்தான். ஆனால் அடுத்த வரியிலேயே, 'இந்தப் பயிற்சியெல்லாம் எதற்கு, மனசுக்குப் பட்டதைச் செய்தால் போதும்' என்கிறாய். அங்கேதான் எனக்கு இடிக்கிறது.

டேனியல் கானமன், கேரி கிளைன் என்று இரண்டு உளவியலாளர்கள். மனசு நம்மை எப்படியெல்லாம் ஏமாற்றும் என்று காட்டியவர் கானமன். தீயணைப்பு அதிகாரிகள் யோசிக்க நேரமில்லாமலே சரியாக முடிவெடுப்பதை ஆராய்ந்தவர் கிளைன். எதிரெதிர்க் கட்சிதான். 2009இல் இருவரும் சேர்ந்தே ஒரு கட்டுரை எழுதினார்கள். உள்ளுணர்வு தேற வேண்டுமானால் சூழலில் ஓர் ஒழுங்கு இருக்க வேண்டும், நம் ஊகம் சரியா தப்பா என்று அவ்வப்போது தெரியவும் வேண்டும் என்பதில் ஒத்துப்போனார்கள். உனக்கு எவ்வளவு உறுதியாகத் தோன்றுகிறது என்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாதாம்.

உன் வேலையில் ஊகம் சரியா தப்பா என்று எங்கே தெரியவருகிறது? பையன் சிரித்துக்கொண்டே போய்விடுவான். வீட்டுக்குப் போய் அழுதானா என்று யார் வந்து சொல்வார்கள்? அதனால், அன்றைய வேலை முடிந்தபின், கூட வேலை செய்பவர்களோடு உட்கார்ந்து பேசுவதைச் சடங்காக நினைக்காதே. யாரைப் பற்றி என்ன தோன்றியது என்று ஒரு வரி எழுதி வை. அப்புறம் நடந்ததோடு ஒப்பிட்டுப் பார். கலகலப்பான பிள்ளைகள் பக்கம் உன் மனசு சட்டென்று சாயும். சின்ன வயதிலிருந்தே நீ அப்படித்தான். மூலையில் பேசாமல் உட்கார்ந்திருப்பவன் உன் கண்ணில் படுவதற்கு, 'இன்று யாரிடம் பேசவில்லை?' என்று திட்டத் தாளிலேயே ஒரு கட்டம் போட்டு வைப்பது நல்லது.

ஒரு விஷயத்தில் மட்டும் மனசைக் கேட்கவே கேட்காதே. ஒரு சிறுமி வந்து, "ஒன்று சொல்லுவேன், யார்கிட்டேயும் சொல்லக்கூடாது" என்பாள். 'சத்தியமாகச் சொல்லமாட்டேன்' என்று வாய்வரை வரும். சொல்லிவிடாதே. "உனக்கு ஆபத்து என்றால், உதவக்கூடிய ஒருவரிடம் நான் சொல்லியாக வேண்டும்" என்று முதலிலேயே சொல்லிவிடு. "அவர்தான் அடித்தாரா?" என்று பதிலை நீயே எடுத்துக் கொடுக்காதே. "என்ன நடந்தது?" போதும். அவள் சொன்னதை அவள் வார்த்தையிலேயே அன்றே எழுதி, பிள்ளைகளின் பாதுகாப்புக்கென்று மையத்தில் இருக்கும் பொறுப்பாளரிடம் கொடு. துருவித் துருவி விசாரிப்பது உன் வேலை இல்லை.

இதையெல்லாம் பயிற்சியில் நடித்துப் பார்க்கச் சொல்வார்கள். எல்லார் முன்னாலும் கூச்சமாகத்தான் இருக்கும். சரி, இருக்கட்டும், நடி. நிஜமாகவே ஒருத்தி எதிரே நிற்கும்போது நீ வார்த்தை தேடிக்கொண்டிருந்தால், அவள் பாதியிலேயே நிறுத்திவிடுவாள்.

அடுத்த பயிற்சிக்குப் பெயர் கொடுத்துவிட்டாயா? எழுது.

அன்புடன்,
அப்பா