கடைமடையிலிருந்து தலைப்பை நோக்கி

நோம் பென்,
17.1.2025

அன்புள்ள மகளுக்கு அப்பா எழுதுவது.

நானும் அம்மாவும் நலமாக இருக்கிறோம். நேற்றுப் பகல் படகில் கம்போடியாவின் தலைநகரான இந்த ஊருக்கு வந்து சேர்ந்தோம். தொலைபேசியில் நீ கேட்ட கேள்விக்கு அப்போது என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. “விசா இன்னும் முப்பது நாள் இருக்கிறதே, அம்மாவுக்கு வியட்நாம் அவ்வளவு பிடித்துப்போயிற்றே, பிறகு ஏன் கிளம்பினீர்கள்?” என்றாய். நான்தான் இழுத்துக்கொண்டு வந்தேன் என்று அம்மா உன்னிடம் சொல்லியிருப்பாள். அதில் பாதி உண்மை.

ஹனோயில் இறங்கியது நவம்பர் 18 அன்று. அங்கிருந்து சைகோன் வரை 1,726 கிலோமீட்டர் ரயில் பாதையை விட்டுவிட்டுக் கடந்து வந்ததைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். ஆனால் அந்த நாடு எங்களை முழுவதுமாகப் பிடித்துவைத்துக்கொண்டது மீகாங் ஆற்றின் கழிமுகத்தில் இருக்கும் கான் தோவில்தான். நான்கு நாள் என்று நினைத்துப் போன இடத்தில் இருபத்தொரு நாள் தங்கினோம். வீட்டுக்கார அம்மாளுக்கு என்னைவிடப் பத்து வயது குறைவாக இருக்கலாம். அந்த மொழியில் ‘நான்’, ‘நீ’ என்பதற்குப் பதிலாகப் பெரும்பாலும் உறவுமுறைச் சொல்லே வரும். ஆகவே முதல் நாளிலிருந்தே அவர் தம்மைத் தங்கை என்றும் உன் அம்மாவை அக்கா என்றும் சொல்லித்தான் பேசினார். மூன்றாம் வாரத்தில் அது வெறும் இலக்கணமாக இருக்கவில்லை.

பொங்கலன்று அங்கே பௌர்ணமி. பிறை மாதத்தின் முதல் நாளிலும் பௌர்ணமியிலும் சைவம் மட்டுமே சாப்பிடும் வழக்கம் அங்கே பல வீடுகளில் உண்டு. அன்று அவர் அடுப்பில் அம்மா சர்க்கரைப் பொங்கல் வைத்தாள். அவர் காளானும் தோஃபுவும் சமைத்தார். பிறகு எல்லோரும் வாசலில் இருந்த மாய் மரத்தின் இலைகளைக் கிள்ளினோம். டெட் புத்தாண்டுக்கு இரண்டு வாரம் முன்பு இலைகளை எல்லாம் உதிர்த்துவிட்டால், புத்தாண்டு பிறக்கும்போது மரம் மஞ்சளாகப் பூத்து நிற்கும். ஒவ்வொரு இலையையும் காம்போடு பிடித்துப் பின்பக்கமாக இழுக்க வேண்டும். முன்பக்கம் இழுத்தால் இலைக்கக்கத்தில் இருக்கும் மொட்டும் தோலோடு உரிந்து வந்துவிடும். என் கைக்கு முதலில் இரண்டு மொட்டுகள் போயின. அவர் ஒன்றும் சொல்லாமல் என் விரலைப் பிடித்துத் திருப்பிக் காட்டினார்.

“பூக்கும்போது இருப்பீர்கள் அல்லவா?” என்று கேட்டார். அம்மா சரி என்று தலையாட்டிவிட்டாள். ஆனால் டெட்டுக்கு அவர் வழக்கமாக வீட்டைப் பூட்டிக்கொண்டு கா மாவ் பக்கம் இருக்கும் தம் தாயிடம் போவார் என்பதும், நாங்கள் இருப்பதால் இந்த ஆண்டு போகவில்லை என்று சொல்லியிருக்கிறார் என்பதும் அன்று மாலை பக்கத்து வீட்டுப் பையன் வழியாகத் தெரிந்தது. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். அவருடைய தாய்க்கு எண்பதுக்கு மேல் வயது. அதற்கு மேல் நாங்கள் எப்படி அங்கே உட்கார்ந்திருக்க முடியும், சொல்.

இது ஒரு காரணம். இன்னொன்று என்னுடையது. நான் வேலை பார்த்த காலம் முழுவதும் காவிரிப் பாசனத்தில் கழிந்தது உனக்குத் தெரியும். மேட்டூரில் ஜூன் 12 அன்று திறந்தாலும், தண்ணீர் தங்கள் வயலுக்கு வந்து சேரும் வரை கடைமடைக்காரர்கள் வாய்க்கால் கரையிலேயே நிற்பார்கள். கான் தோ அதே போன்ற கடைமடைதான், ஆனால் ஆறு நாடுகளின் கடைமடை. மீகாங் சீனாவில் புறப்பட்டு, மியான்மர், லாவோஸ், தாய்லாந்து, கம்போடியா எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டு அங்கே வருகிறது. 2016இலும் 2020இலும் ஆற்றில் நீர் குறைந்து கடல் உப்பு உள்ளே ஏறியபோது அந்த மக்கள் பட்ட பாட்டைக் கேட்டேன். அதற்குப் பிறகு, அந்தத் தண்ணீர் மேலே எங்கே தேங்கி எப்படி வருகிறது என்பதைப் பார்க்காமல் ஊர் திரும்ப எனக்கு மனம் வரவில்லை. கடைமடையில் பழகியவனுக்கு ஆற்றின் தலைப்பை, அதாவது தண்ணீர் புறப்படும் மேல் பக்கத்தை, பார்க்கும் ஆசை விடாது.

எல்லைக்கு அருகே இருக்கும் சாவ் தோக்கில் ஒரு இரவு தங்கி, காலையில் படகு ஏறினோம். சைகோனுக்குத் திரும்பிப் போய் விமானம் ஏறியிருந்தால், பறக்கும் நேரம் ஏறக்குறைய ஒரு மணிதான். ஆனால் அது விடைபெறுவது ஆகாது என்று எனக்குத் தோன்றியது. வின் சுவாங்கில் கரையேறி வெளியேறும் முத்திரை வாங்கினோம், மறுபடி படகு ஏறினோம், சிறிது தூரத்தில் கம்போடியச் சாவடியில் இறங்கி நின்றோம். இரண்டுக்கும் நடுவில் ஆறு ஒன்றுதான், கரையில் நிற்கும் மாடுகளும் ஒரே மாதிரிதான். மாறியது பலகைகளில் இருந்த எழுத்து. அறுபது நாள் ரோமன் எழுத்தையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு முன்னால், பல்லவ எழுத்தின் வழியில் வந்த கெமர் எழுத்து வளைந்து வளைந்து நின்றது. அம்மா அதைப் பார்க்கவில்லை. படகின் பின்பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள். ஆகாயத்தாமரைக் கூட்டம் ஒன்று எங்களைத் தாண்டிக் கீழே மிதந்து போயிற்று. “இது கான் தோவுக்குப் போய்ச் சேருமா?” என்று கேட்டாள். கிளையாறு பிரியும் இடத்தில் எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதைப் பொறுத்தது என்றேன். அவளுக்கு அந்த நேரத்தில் வேண்டிய பதில் அது அன்று என்பது பிறகுதான் புரிந்தது.

இங்கே வந்த முதல் சாயங்காலம் நாங்கள் இருவரும் தவறு செய்தோம். காபி அங்கே போல் இல்லை, தெரு அங்கே போல் இல்லை என்று எதைப் பார்த்தாலும் பழைய நாட்டை வைத்தே அளந்தோம். விடுதிப் பையன் இரண்டு கையையும் குவித்து வணங்கியபோதுகூட நான் பாதிக் கவனத்தில்தான் வணங்கினேன். அது அவனுக்குச் செய்த அநியாயம். இன்று காலை அவன் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

பிறகு ஆற்றங்கரைக்குப் போனோம். டோன்லே சாப் ஆறு அரண்மனைக்கு எதிரே மீகாங்கில் சேர்கிறது. மழைக்காலத்தில் மீகாங் பெருகும்போது இந்த ஆறு திசை திரும்பி, மேலே இருக்கும் டோன்லே சாப் ஏரிக்குள் பாய்கிறது. கோடையில் சுமார் 2,500 சதுர கிலோமீட்டராக இருக்கும் ஏரி வெள்ளத்தில் 15,000 சதுர கிலோமீட்டர் வரை விரிகிறது. வெள்ளம் வடிந்ததும் ஆறு மறுபடி திரும்பி, சேர்த்துவைத்ததைக் கீழே அனுப்புகிறது. ஷட்டர் இல்லை, மதகு இல்லை, இரவுக் காவலுக்கு ஆள் இல்லை. இப்போது தண்ணீர் இறங்கும் காலம். கோடையில் கான் தோ பக்கத்து உப்பைத் தள்ளி நிறுத்துவதில் இந்தத் தண்ணீருக்கும் பங்கு உண்டு என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் வெகுநேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, ஏரியை எப்போது பார்க்கப் போகிறோம் என்று கேட்டாள்.

நாளை மறுநாள் ஏரிப் பக்கம் இருக்கும் கம்போங் ச்னாங் போகிறோம். கான் தோ அம்மாள் கொடுத்த காபி வடிகட்டியைச் செய்தித்தாளில் சுற்றி என் சட்டைகளுக்கு நடுவே வைத்திருக்கிறேன். மரம் பூத்ததும் படம் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். வந்தால் உனக்கும் அனுப்புகிறேன். மாப்பிள்ளையையும் குழந்தையையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அப்பா