பேண்டம் பெட்டையோடு பெருவிடைச் சேவலை விடாதீர்கள்

ஆசிரியருக்கு,

அலங்காரக் கோழிகள் பற்றிய கட்டுரையில், பேண்டம் எனப்படும் குட்டை இனக் கோழிகளை வீட்டுக் கோழிகளோடு 'அப்படியே சேர்த்து விடலாம்' என்று எழுதியிருந்தீர்கள். சேர்த்து வளர்க்கலாம்தான். ஆனால் அப்படியே விட்டால் பெட்டைகள் சாகும்.

பேண்டம் பெட்டை முக்கால் கிலோ இருக்கும். பெருவிடை என்ற பெரிய நாட்டுக்கோழி இனத்தின் சேவல் மூன்றரை, நான்கு கிலோ. அது இணை சேர ஏறி மிதிக்கும்போது கால் முள் பெட்டையின் விலாவைக் கிழித்துவிடும். இறகு மூடியிருப்பதால் காயம் வெளியே தெரியாது. ஈ மொய்த்துப் புழு வைத்த பிறகுதான் பலர் பார்க்கிறார்கள். முதுகில் இறகு உதிர்ந்த பெட்டை கண்ணில் பட்டால் பிடித்து, இறக்கையைத் தூக்கி விலாவைத் தடவிப் பாருங்கள். முள் நுனியை மழுக்குவது பாதித் தீர்வுதான், எடை குறையாதே! ஒரே அடைப்பில் வளர்ப்பதென்றால் பேண்டம் சேவல் மட்டும் இருக்கட்டும், அல்லது சேவலே வேண்டாம். பேண்டம் சேவல் பெரிய பெட்டைகளையும் மிதிக்கும். குஞ்சு பொரிக்காத கூமுட்டை கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

பட்டு போன்ற இறகுள்ள சில்கி இனக் கோழி வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பல சில்கிகளுக்கு உச்சி மண்டை எலும்பு முழுதாக மூடியிருக்காது. பெரிய கோழி தலையில் ஒரு கொத்து கொத்தினாலே கழுத்து திருகி விழுந்துவிடும். கொண்டை முடி கண்ணை மறைப்பதால் கொத்த வருவதும் அதற்குத் தெரியாது. கண்ணைச் சுற்றி முடியைக் கத்தரித்து விடுங்கள்.

புதிதாக வாங்கியதை நான்கு வாரம் தள்ளி வைத்து, நோய் இல்லையென்று தெரிந்த பின் இரண்டு வாரம் கம்பி வலைக்கு அந்தப்பக்கம் விட்டு, பிறகு பொழுது சாயும் நேரத்தில் கலக்க வேண்டும். தீவனத்தட்டும் தண்ணீரும் இரண்டிரண்டு இடத்தில் வேண்டும். ஒரு மரப்பெட்டியில் 4 அங்குல அகலம், 6 அங்குல உயரத்தில் வாசல் வெட்டி, உள்ளே தீவனம் வையுங்கள். பேண்டம் நுழையும், பெருவிடையின் நெஞ்சு நுழையாது. விரட்டினால் ஒளியவும் அதுவே இடம். இரவில் பேண்டம் உயரம் தேடும்; கனத்த கோழிக்கு இரண்டடிக்கு மேல் கம்பு வைக்காதீர்கள், குதித்துக் குதித்து உள்ளங்கால் வீங்கிச் சீழ் கட்டும். சில்கி பறக்காது, தரையில் காய்ந்த வைக்கோல் போதும்.

பேண்டம் நல்ல அடைக்கோழி. அதன் முட்டை என்றால் எட்டு வரை வைக்கலாம், பெருவிடை முட்டை நான்கு, ஐந்துதான். அதற்கு மேல் சூடு எட்டாது. குஞ்சுகளை இனம் பிரித்தே வளர்க்கவும். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போடாவிட்டால் பேண்டம் குஞ்சு மூழ்கிவிடும்.

கடைசியாக மருந்து. குடற்புழு மருந்தை எடை பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். பெருவிடைக்குக் கொடுத்த அளவையே பேண்டத்துக்கு ஊற்றக் கூடாது. வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்து அப்படியல்ல. சின்னதுதானே என்று சிலர் அரைச் சொட்டு விடுகிறார்கள். சொட்டு மருந்து எல்லாக் குஞ்சுக்கும் முழுச் சொட்டு. எட்டாவது வார ஊசியும் எல்லாவற்றுக்கும் அதே 0.5 மி.லி.தான்.

— கோழி வளர்ப்போர் சிலர்,
திருப்பூர் மாவட்டம்